மெய்ப்பித்தலுக்கு மறுதலை எது?

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறையில் உள்ளது சிம்பாங் அம்பாட் என்னும் ஊர். நான்கு வழிகள் கூடும் சந்தி என்பதே அப்பெயரின் பொருள். அவ்வூர்ச் சாப்பாட்டுக் கடையொன்றில் நண்பர்கள் சிலருடன் நாம் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த பொழுது, தந்தையாருடன் வந்திருந்த பள்ளி மாணவி ஒருவர் நம்மை நோக்கி, "ஐயா, மெய்ப்பித்தல் என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன?" என்று வினவினார். நாம் வாய் திறப்பதற்கு முன்பே அங்கிருந்தோர் ஆளுக்கொரு விடை கூறினர். தோட்டத்தில் கிராணியாராயிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், "மறுத்தல்" என்றார். வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாயுள்ள அப்பெண்ணின் தந்தையார், "கேஸ் தள்ளுபடியாவதுதான்" என்றார். தமிழாசிரியரான நண்பர், "பொய்த்தல்" என்றார். கடைக்காரரோ, தேநீர் ஆற்றிக்கொண்டே, "சாயம் வெளுத்துப் போச்சு என்கிறோமே, அதுதான்" என்றார்.

நான்கு வழிச் சந்தியில் நான்கு விடைகள் கிடைத்தன. ஆனால் அந்நான்கும் ஒரே இடத்திற்குச் செல்லும் வழிகள் அல்ல என்பதே நமது அபிப்பிராயம். அவை ஒவ்வொன்றும் எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பதைப் பார்ப்பது வெறுஞ் சொல் விளையாட்டன்று. இச்சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றி வழங்குவதனால் உயிர்ச் சேதமே நேரக்கூடும் என்பதற்கு இந்நாட்டுச் சரித்திரத்திலேயே சான்றுண்டு.

முதலில் மறுத்தலைப் பார்ப்போம். மறுப்பது நாவின் தொழில். அதற்குச் சான்று வேண்டியதில்லை. துணிவு ஒன்றே போதும். பகலை இரவென்று ஒருவன் மறுத்துவிடலாம். அதனால் கதிரவன் மறைந்துவிடுவதில்லை. தள்ளுபடி என்பது வேறு. வழக்காளி தன் கூற்றுக்குப் போதிய ருசு காட்டவில்லை என்பதே அதன் பொருளன்றி, அவர் கூறியது பொய்யென்று துணியப்பட்டது என்பதன்று. மெய்யான வழக்குகள் சாட்சியின்றித் தள்ளுபடியானதை நாம் எத்தனையோ கண்டிருக்கிறோம்.

பொய்த்தல் என்பது இவ்விரண்டினும் அழகிய சொல். மழை பொய்த்தது என்கிறோம். எதிர்பார்த்தது வாராது போயிற்று என்பதே அங்கே கருத்து. மழையைப் பொய்யன் என்று யாரும் ஏசுவதில்லை. ஆனால் இங்கே பொய்ப்பது தானாகவே நிகழ்கிறது. ஒருவர் முயன்று செய்ததன்று. சாயம் வெளுத்தலோ வஞ்சகத்தைக் குறிப்பது. நீலத் தொட்டியில் விழுந்த நரி தன்னைக் காட்டுக்கு அரசென்று சொல்லிக்கொண்ட கதையை நாம் குழந்தைப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். அங்கே வெளிப்படுவது ஒரு கருத்தின் பிழையன்று. ஒரு வேடதாரியின் சூது.

அப்படியாயின் மெய்ப்பித்தலுக்கு நேர் மறுதலை எது? ஒரு கூற்றை எடுத்து, அதனைச் சோதனைக்கு உட்படுத்தி, அது நில்லாது என்று யாவரும் காணும்படி செய்வதற்குப் பொய்ப்பித்தல் என்ற சொல் நம்மிடம் உண்டு. மெய்ப்பித்தலும் பொய்ப்பித்தலும் ஒரே தராசின் இரு தட்டுகள். சோதனையின்றி இரண்டும் இல்லை.

இங்கே ஒரு சங்கடம் தோன்றுகிறது. பொய் என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் வழங்குகிறோம். அறிந்தே ஒருவன் கூறும் வஞ்சக மொழியும் பொய். நல்லெண்ணத்துடன் ஒருவர் கொண்ட பிழையான கருத்தும் பொய். ஆகவே, "உமது கருத்துப் பொய்யாயிற்று" என்று எவரேனும் கூறினால், "என்னையா பொய்யன் என்கிறாய்?" என்று கேட்டவர் சினந்து எழுகிறார். கருத்து வீழ்ந்தால் மானமும் வீழ்ந்துவிடும் என்று அஞ்சுகிறார். அவ்வச்சத்தினால் பிழையை விடாப்பிடியாகக் காக்கிறார். வீட்டிலும் சங்கத்திலும் மேடையிலும் நாம் நாள்தோறும் காணும் காட்சி இது.

நம் முன்னோர் எல்லோரும் இவ்வாறு நினைத்தவர்கள் அல்லர். குண்டலகேசியின் கதையை எண்ணிப் பாருங்கள். நாவற் கிளையை நட்டு வைத்து, வாதுக்கு வருவோர் வருக என்று அறைகூவி, ஊர் ஊராய்ச் சென்றவள் அவள். புத்தரின் மாணாக்கராகிய சாரிபுத்தரிடம் ஒருநாள் தோற்றாள். தோற்றவள் நாணி ஒளிந்துகொள்ளவில்லை; தன்னை வென்ற கொள்கையை ஏற்றுத் துறவு பூண்டாள். அத்தோல்வியே அவளை ஒரு காப்பியத்தின் தலைவியாக்கிற்று. பின்னர் அந்நூலுக்கு எதிராகச் சமணர் நீலகேசியை இயற்றினர். இன்று குண்டலகேசியின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. அதில் என்ன இருந்தது என்று அறிவதற்கு, அதனை மறுக்க எழுந்த நீலகேசியும் அதன் உரையுமே நமக்குத் துணை செய்கின்றன. எதிரியின் கூற்றைச் சிதைக்காமல் எடுத்துரைத்துப் பின்னரே மறுத்த பண்பினால் விளைந்த நன்மை இது. நன்னூலாரும் நூலாசிரியர்க்குரிய ஏழு மதங்களைக் கூறுமிடத்து, பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைவதனை ஒன்றாக வைத்தார்.

மணிமேகலையோ இன்னும் ஒருபடி மேலே சென்று, வாதத்தில் நேரும் போலிகளை வகைப்படுத்திக் காட்டுகிறது. அவற்றுள் ஏதுப்போலி என்பது ஒன்று. காரணம் போலத் தோன்றிக் காரணம் ஆகாதது அது. இச்சொல்லை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

நிற்க. வாதத்தில் வெல்வது ஒன்று. உண்மையில் ஒரு கருத்தைப் பொய்ப்பிப்பது மற்றொன்று. நாவன்மை மிக்கவர் மெய்யையும் வீழ்த்திவிடலாம். ஆகவே நாவால் அன்றிக் கையால் நடந்த ஒரு வாதத்தை, அதுவும் நம் மலாயா மண்ணில், நம் தோட்டத்து மக்களின் அன்றாடச் சோற்றைப் பற்றியே நடந்த ஒரு வாதத்தை, இனிக் கூறுவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தீபகற்பத்தின் ஈயச் சுரங்கங்களில் ஒரு கொடிய நோய் பரவியிருந்தது. அதற்குப் பெரிபெரி என்று பெயர். முதலில் கால் மரத்துப்போகும். பின்னர் நடை தளரும். சிலருக்கு உடல் வீங்கும். முடிவில் இதயம் நின்றுபோகும். சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இதற்கு இரையாயினர். மருத்துவர்கள் பலவாறு கூறினர். ஈர நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்று என்றனர் சிலர். கண்ணுக்குத் தெரியாத கிருமி என்றனர் சிலர். நெருக்கமான குடியிருப்பு என்றனர் வேறு சிலர்.

காற்றின்மேல் பழி போடுவது அக்காலத்து வழக்கம். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். 1897-ல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியைக் கண்டார். 1901 முதற்கொண்டு மால்கம் வாட்சன் கிள்ளான் பகுதியில் வடிகால் வெட்டித் தேங்கு நீரை அகற்றியதனால் நோயைக் குறைத்தார். கெட்ட காற்று என்னும் கருத்து அன்றோடு மாண்டது. ஆனால் அதன் பெயர் மட்டும் இன்றளவும் உயிரோடிருக்கிறது. சதுப்பு நிலத்தில் நாற்றமும் உண்டு, நோயும் உண்டு. ஆகவே நாற்றமே நோய்க்குக் காரணம் என்றனர். ஏதுப்போலிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

பெரிபெரிக்கு வருவோம். நெகிரி செம்பிலானில் சர்க்கார் மருத்துவராயிருந்த லெனார்டு பிராடன் என்பார் ஒரு வேற்றுமையைக் கண்டார். ஒரே நாட்டில், ஒரே வெயிலிலும் மழையிலும் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் வாழ்கின்றனர். சீனர் பெருந்தொகையாய்ப் பெரிபெரிக்கு ஆளாகின்றனர். தமிழர் அவ்வாறு ஆவதில்லை. தம் நெல்லைத் தாமே குத்தி உண்ணும் மலாய்க் குடியானவர்களுக்கும் அது அரிது. காற்றே காரணமாயின் அது ஆள் பார்த்து வீசுமோ? பிராடன் அவர்களது உணவை நோக்கினார். சீனத் தொழிலாளர் உண்டது ஆலையில் நன்கு தீட்டி வெளுத்த பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. அரிசியிலேதான் நோய் இருக்கிறது என்று அவர் துணிந்தார். 1907-ல் அதனைப் பெருநூலாகவும் வெளியிட்டார்.

பிராடன் கண்டது கணக்கு, சோதனையன்று. அவரை மறுத்தோர் பலர். அம்மறுப்புகளும் வாய்மொழியே. இந்நிலையில் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் பெரிபெரி தலைகாட்டிற்று. அங்கே மருத்துவராயிருந்த வில்லியம் பிளெட்சர் 1905-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு காரியம் செய்தார். நோயாளிகளை வரிசையாய் நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் பெற்றோருக்கு ஒரு பக்கத்து விடுதி. அவர்களுக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறு. இரட்டைப்படை எண் பெற்றோருக்கு மறுபக்கத்து விடுதி. அவர்களுக்குப் புழுங்கல் அரிசிச் சோறு. இடையில் விடுதிகளையும் மாற்றிப் பார்த்தார், இடத்தின்மேல் பழி நில்லாதிருக்கும் பொருட்டு.

1906-ஆம் ஆண்டு முடிவதற்குள் கணக்குத் தெளிவாயிற்று. இரு பக்கத்திலும் ஏறத்தாழ 120 பேர் இருந்தனர். பச்சரிசி உண்டோரில் 30-க்கு மேற்பட்டவர்களை நோய் பற்றிற்று. அவர்களுள் 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டோரில் பெரிபெரியால் ஒருவரும் மாளவில்லை. வீடு மாறியும் நோய் மாறவில்லை. சோறு மாறிய இடத்தில் நோய் மாறிற்று. கெட்ட இடம் என்னும் கருத்து அன்று பொய்ப்பிக்கப்பட்டது.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் துரியான் திபுஸ் என்னும் இடத்திற்குச் சென்றனர். அங்கே காட்டின் நடுவே சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளரை இரு கூட்டமாக்கி, ஒரு கூட்டத்திற்கு வெள்ளைப் பச்சரிசியும் மற்றொன்றிற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தனர். பச்சரிசிக் கூட்டத்தில் நோய் தோன்றிற்று. அரிசியை மாற்றினர், நோயும் கூட்டம் மாறிற்று. 1909-ல் அவர்களது ஆராய்ச்சி நூலாக வெளிவந்தது. மறு ஆண்டு மணிலாவில் கூடிய கிழக்கு நாட்டு மருத்துவர் மகாநாடு, தீட்டிய வெள்ளை அரிசிக்கும் பெரிபெரிக்கும் தொடர்புண்டு என்று தீர்மானித்தது.

பிராடன் வென்றார் என்று அன்பர்கள் எண்ணுவீர்கள். பாதி வென்றார் என்பதே சரி. அரிசியே காரணம் என்ற அவர் கூற்று மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால், நாட்பட்ட வெள்ளை அரிசியில் பூசணத்தால் ஒரு நஞ்சு உண்டாகிறது, அதுவே நோய் தருகிறது என்று அவர் கூறிய விளக்கம் நிலைக்கவில்லை. பிரேசரும் ஸ்டாண்டனும் புதிதாய்த் தீட்டிய அரிசியைக் கோழிகளுக்கு இட்டனர். அவையும் கால் முடங்கின. தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தனர், நோய் வரவில்லை. வெள்ளை அரிசியில் இருக்கக் கூடாதது ஒன்று இருப்பதனால் அன்று, இருக்க வேண்டியது ஒன்று இல்லாததனாலேயே நோய் வருகிறது என்பது தெளிவாயிற்று. ஒரே மனிதரின் ஒரே நூலில் ஒரு பாதி மெய்யாயிற்று. ஒரு பாதி பொய்யாயிற்று. அதனால் பிராடனைப் பொய்யர் என்று கூறுவார் உண்டோ?

இதற்கு முன்னும் இவ்வாறே நடந்தது. ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாக்கி 1884-ல் கப்பலின் உணவை மாற்றிப் பெரிபெரியை ஏறக்குறைய ஒழித்தார். ஆயின் புரதக் குறைவே காரணம் என்றார். அவரது மருந்து மெய், விளக்கம் பொய். ஜாவாவில் ஐக்மன் 1890-களில் கோழிகளைக் கொண்டு அரிசியின் தொடர்பைக் கண்டார். ஆனால் அரிசியில் நஞ்சுண்டு, தவிடு அதனை முறிக்கிறது என்று எண்ணினார். அவருக்குப் பின் அப்பணியில் அமர்ந்த கிரைன்ஸ் 1901-ல் அதனைத் திருத்தினார். ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. விளக்கம் பிழைத்தவருக்குப் பரிசா என்று எவரும் கேட்கவில்லை; அவர் திறந்த வழியே பிறர் நடந்தனர் அல்லரோ? அந்தக் குறைபட்ட பொருளை 1926-ல் ஜான்சனும் டோனாத்தும் ஜாவாவிலேயே தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தனர். இன்று அதனைத் தயமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் அழைக்கிறோம்.

இனி நம்மவரிடம் வருவோம். இச்சரித்திரத்தை எடுத்துரைத்தால், "பார்த்தீர்களா, தமிழர் அன்றே அறிந்திருந்தனர்!" என்று மேடையில் முழங்குவோர் சிலர் இருக்கக்கூடும். அன்பர்களே, இதனையும் சோதித்துப் பார்ப்போம். நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, உலர்த்திப் பின்னர்க் குத்துவதனால் தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து நீரோடு அரிசியின் உள்ளே இறங்குகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. ஆனால் நம் பாட்டிமார் நெல் அவித்தது தயமினைக் கருதியா? அரிசி நொறுங்காது, பூச்சி எளிதில் அரிக்காது, சோறு குழையாது என்பனவே அவர்கள் கண்ட நன்மைகள். அவையும் நல்லறிவே, ஆயினும் பெரிபெரியை அறிந்த அறிவன்று. செய்தது நன்றாய் முடிந்தது என்பது வேறு. அறிந்து செய்தோம் என்பது வேறு. முன்னையது மெய்; பின்னையது நில்லாது.

மேலும் புழுங்கலரிசியை நாம் எவ்வாறு மதித்தோம்? ஒருமுறை வெந்தது என்று அதனைச் சடங்கிலிருந்தும் படையலிலிருந்தும் விலக்கினோம். பச்சரிசியையே உயர்ந்ததென்று வைத்தோம். கடவுளின் அடுக்களைக்கு ஆகாதென்று ஒதுக்கப்பட்ட அரிசியே கடல் கடந்து வந்த கூலித் தொழிலாளியின் கால்களைக் காத்தது. லயத்து வீட்டில் அதனைப் பொங்கி உண்ட அன்னையும் தந்தையும் மலேரியாவுக்கு மாண்டனர், வயிற்றுப்போக்குக்கு மாண்டனர், ஓயாத உழைப்பினால் ஓடாய்த் தேய்ந்தனர். பெரிபெரி ஒன்று மட்டும் அவர்கள் வாசலைப் பெரும்பாலும் கடந்து சென்றது. தமிழன் உடல்வாகு வலியது என்று கூறுவதும் இங்கே செல்லாது. காத்தது குருதியன்று, அரிசி. அரிசியை மாற்றியபோது எல்லா இனத்தாருக்கும் நோய் மாறிற்று.

இறுதியாக ஒன்றைச் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை. ஒரு கருத்து பொய்யென்று காட்டப்பட்டதைக் கொண்டாடும்பொழுது, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்க வேண்டாவோ? கோலாலம்பூர்க் காப்பகத்தில் வரிசையில் நின்று எண் சொன்னவர்கள் மனநோயாளிகள். ஒற்றைப்படை எண் பெற்றவர்க்கு அது தம் உயிரோடு விளையாடும் எண் என்று தெரியாது. உணவு வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு வழியில்லை. துரியான் திபுஸில் சாலை போட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகள். மாண்ட 18 பேரின் பெயரை எந்த நோபல் பரிசும் சொல்லவில்லை. அச்சோதனை எண்ணற்ற உயிர்களைப் பின்னர்க் காத்தது மெய். அவ்வுயிர்கள் ஏழைகளுடையவை என்பதனாலேயே சோதனைக்கு எளிதில் கிடைத்தன என்பதும் மெய். முதலாவது மெய் இரண்டாவதைப் பொய்யாக்கிவிடாது.

அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற உண்மையும் உடனே ஊரெங்கும் பரவிவிடவில்லை. வெள்ளை அரிசியின் கவர்ச்சியும் வாணிகமும் பின்னும் பல்லாண்டுகள் வென்றன. கீழ்த்திசை நாடுகளில் பெரிபெரி தொடர்ந்து உயிர் வாங்கிற்று. பொய்ப்பிக்கப்பட்ட கருத்து உடனே மாய்ந்துவிடுவதில்லை. அது வழக்கத்திலும் வயிற்றிலும் பெருமையிலும் வேரூன்றியிருக்கிறது. சோதனை அதன் தலையை வெட்டும். வேரைக் கெல்லுவது மக்களின் வேலை.

இன்று செபராங் பிறையின் பழைய கரும்புத் தோட்டங்களும் இரப்பர்த் தோட்டங்களும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. பத்து கவானில் தொழிற்சாலைகள் எழுந்திருக்கின்றன. 2014-ல் திறந்த இரண்டாம் பாலம் அங்கிருந்து தீவுக்குச் செல்கிறது. நம் பிள்ளைகள் கைபேசியில் நாளொன்றுக்கு நூறு செய்திகள் பெறுகின்றனர். இந்த வேர் அந்த நோயைத் தீர்க்கும், இந்த ஊரில் இன்னது நடந்தது, நம் முன்னோர் இன்னது கண்டனர் என்று வருவனவற்றுள் எதனை மெய்யென்பது, எதனைப் பொய்யென்பது? ஒருவர் மறுத்துவிட்டார் என்பதனால் அது பொய்யாகாது. பலர் பகிர்ந்தனர் என்பதனால் மெய்யும் ஆகாது. கூற்றை எடு, சோதி, நில்லாததை விடு. விட்டவரை ஏளனம் செய்யாதே. பிழையை ஒப்புக்கொண்டவரைப் பார்த்துச் சிரிக்கும் ஊரில் எவரும் பிழையை ஒப்புக்கொள்ளார்; அவ்வூரில் பிழையே நிலைபெற்று வாழும்.

அன்று கடையில் அப்பெண்ணுக்கு, "பொய்ப்பித்தல்" என்று ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு வந்தோம். அது போதாது என்று வீடு திரும்பும் வழியிலேயே தோன்றிற்று. நன்மகளே, நம் விடையில் இதனையும் சேர்த்துக்கொள். உன் கருத்து ஒன்று பொய்ப்பிக்கப்படும் நாள் வரும், எமக்கும் வந்திருக்கிறது. அன்று, "நான் எண்ணியது பொய்த்தது" என்று தலை நிமிர்ந்து சொல். மழை பொய்த்த ஆண்டில் வானத்தை யாரும் பொய்யன் என்று தூற்றுவதில்லை. மறு பருவத்திற்கு நிலத்தை உழுது வைத்துக் காத்திருக்கிறோம் அல்லவா?